ஓடிஎஃப் கத்தி: ஹூஸ்டன் கிடங்கில் பழகியதும் ராணிப்பேட்டையில் தேர்ந்ததும்

பிடியின் முன்பக்கத் துளை வழியாக அலகு நேராக வெளியே பாய்ந்து, அதே விசையைப் பின்னுக்கு இழுத்தால் நேராக உள்ளே போய் அடங்கும் தானியங்கிக் கத்தியை டபுள் ஆக்‌ஷன் ஓடிஎஃப் (‘அவுட் தி ஃப்ரண்ட்’, அதாவது முன்வழியாக வெளிவருவது) என்று சொல்கிறார்கள். எங்கள் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் இப்போது இதை அன்றாடம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கத்தியாக வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் என்னிடம் யோசனை கேட்கிறவர்களும் உண்டு. மேல்விஷாரத்தைத் தாண்டி ராணிப்பேட்டை போகும் வழியில் தோல் பொருள் பட்டறை வைத்திருக்கிறேன். தொழில் நிமித்தமாக ஹூஸ்டனில் தங்கியிருந்த மாதங்களில், எங்கள் சரக்கு போய் இறங்கும் என் அக்காள் கணவரின் கிடங்கில், பெட்டிகளைப் பிரித்துச் சரக்கைச் சரிபார்ப்பதற்கு இந்த வகைக் கத்தியைத் தினமும் கையாண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டவற்றை, வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கத்தியைப் பார்த்தவுடன் எல்லோரும் மயங்குவது அது திறக்கும் வேகத்தில். நான் மதிப்பது அது மூடும் விதத்தை. ஒரே கையால் திறக்கக்கூடிய மடக்குக் கத்திகள் கடையில் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை ஒரே கையால் மூடவும் பழகிக்கொள்ளலாம். ஆனால் பூட்டை விரலால் விலக்கி, அலகு வந்து விழும் பாதையில் விரல் குறுக்கிடாமல் பார்த்து மடக்க வேண்டும் என்பதால், கவனம் முழுவதும் ஒரு கணம் கத்திக்குப் போய்விடுகிறது. டபுள் ஆக்‌ஷன் ஓடிஎஃப்பில் விரல் எதுவும் அலகின் பாதையில் வருவதே இல்லை. கட்டைவிரல் பிடியின் மேலிருக்கும் விசையை முன்னே தள்ளுகிறது, வெட்டு முடிந்ததும் பின்னே இழுக்கிறது, அவ்வளவுதான். கண் வேலையை விட்டு அகல வேண்டியதில்லை.

கிடங்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அக்காள் கணவரான மாமா இதை எனக்குக் காட்டினார். தோல் சுருள்கள் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டப்பட்டு வரும். பட்டையை வெட்டியவுடன் சுருள் விரிந்து உருளப் பார்க்கும் என்பதால், இடது கை அதை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். “பட்டையை அறுக்கும்போது உன் இடது கையைப் பார், மச்சான். அது எப்போதும் வேலையில்தான் இருக்கிறது. கத்தியை மூட அதை எப்படிக் கூப்பிடுவாய்?” என்று கேட்டார். அதுவரை கத்தியின் அழகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எதை வைத்து அதை எடைபோட வேண்டும் என்பது அந்தக் கேள்வியில் கிடைத்தது. உங்கள் வேலையில் இன்னொரு கை உண்மையிலேயே கட்டுண்டு கிடக்கிறதா, ஒரு நாளில் பல தடவை திறந்து மூட வேண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே இந்தக் கத்திக்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்குப் பொருள் இருக்கிறது. மேசையில் உட்கார்ந்து தபால் உறை பிரிப்பவருக்கு ஒரு சாதாரண மடக்குக் கத்தி இதைவிட உறுதியானது, விலையும் குறைவு.

இதன் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளாமல் தேர்வு செய்வது கடினம். கத்தி மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் உள்ளே இருக்கும் சுருள்வில் பெரும்பாலும் தளர்ந்த நிலையில்தான் இருக்கும். கட்டைவிரலால் விசையைத் தள்ளும்போது முதல் பகுதித் தூரம் முழுவதும் அந்த வில்லை இழுத்து முறுக்கேற்றுவதற்கே செலவாகிறது. கடைசிச் சிறு தூரத்தில் அலகைப் பிடித்திருந்த கொக்கி விடுபட, அலகு பாய்ந்து போய் முன்னால் இருக்கும் கொக்கியில் பூட்டிக்கொள்கிறது. பின்னுக்கு இழுக்கும்போதும் இதே காரியம் எதிர்த்திசையில் நடக்கிறது. வில்லின் பலம் உங்கள் கட்டைவிரலின் பலத்திலிருந்து வருவதால், அலகு பயணத்தின் முற்பகுதியில் மட்டும் உந்தப்பட்டு, மிச்சத் தூரத்தைத் தன் வேகத்திலேயே கடக்கிறது. சிங்கிள் ஆக்‌ஷன் வகையில் வில் எப்போதும் முறுக்கேறிக் காத்திருக்கும். அதனால் அது வலுவாகப் பாயும், பூட்டும் இறுக்கமாக இருக்கும், ஆனால் அலகை உள்ளே தள்ள இரண்டு கையும் வேண்டும். மாமா சொன்ன இடது கைக் கணக்கில் அது தேறாது.

அலகு தன் வேகத்தில் கடக்கும் அந்த மிச்சத் தூரத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. வழியில் எதிலாவது முட்டினால் அலகு முன்னாலும் பூட்டாது, பின்னாலும் பூட்டாது, நடுவில் தொங்கிவிடும். ஒரு முறை அடுக்கிய பெட்டிகளுக்கு இடையில் நெருக்கமாகப் பிடித்துத் திறந்தபோது, அலகின் முனை அட்டையில் தட்டி அப்படி நின்றது. விசையை முன்னும் பின்னும் தள்ளினால் கையில் ஒரு பிடிப்பும் இல்லாமல் வழுக்கியது. அருகில் நின்ற இளைஞர் ஒருவர் கத்தி உடைந்துவிட்டது என்றே நினைத்தார். விசையை முன்னால் தள்ளி வைத்துவிட்டு, அலகின் இரண்டு தட்டைப் பக்கங்களையும் மடித்த துணியால் பிடித்து மெதுவாக முன்னோக்கி இழுத்தால், ‘டக்’ என்ற ஓசையோடு அது பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு வழக்கம்போல வேலை செய்யும். இப்படி விலகுவதைக் குறையாக நான் எண்ணவில்லை. முட்டிய இடத்தில் அலகு நிற்பது கைக்கும் பாதுகாப்புதான். ஆனால் வாங்கும் ஒவ்வொருவரும் முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் தெரியாதவர்கள் பதறிப்போய்க் கூர்ப் பக்கத்தைப் பிடித்து இழுக்கிறார்கள்.

இதே அமைப்பின் காரணமாக அலகில் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். பிடிக்குள் அலகு ஓடி வருவதற்கு இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் ஆட்டம் இருக்கும். நல்ல கத்தியில் அதை விரலால் அசைத்துப் பார்த்தால் மட்டுமே உணரலாம், வெட்டும்போது தெரியாது. திறந்து பூட்டிய பிறகு அலகின் முனையை ஒரு மரக்கட்டையில் மெதுவாக ஊன்றிப் பாருங்கள். பூட்டு பின்வாங்கி அலகு உள்ளே நழுவினால் எவ்வளவு விலை குறைவாகக் கிடைத்தாலும் அந்தக் கத்தி வேண்டாம். ஒரு துண்டு அட்டையை நெடுக அறுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. இதைக் கொண்டு நெம்புவது, திருகு கழற்றுவது, பெட்டியில் அடித்த கம்பியைக் கிளப்புவது எதுவும் கூடாது. அந்த வேலைகளுக்கு இந்த அமைப்பு பிறக்கவில்லை.

அடுத்ததாகத் தூசி. என் பட்டறையை மனத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். தோலின் பரப்பைத் தேய்த்து மென்மையாக்கும் பஃபிங் இயந்திரத்தின் அருகே ஒரு மணி நேரம் நின்றால், புருவத்திலும் சட்டைப்பை மடிப்பிலும் மாவு போன்ற தூசி படிந்திருக்கும். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினால் மூலையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டையே விழும். ஓடிஎஃப் கத்தியின் முன்பக்கத் துளை எப்போதும் திறந்த வாய். பைத்தூசியும் நூற்பிசிறும் அதற்குள் போய், உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிட்டால், அலகின் வேகம் குறைந்து பூட்டாமல் நின்றுவிடும். எனவே எண்ணெய் எவ்வளவு குறைவாக விடுகிறீர்களோ அவ்வளவு நல்லது. இது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது. இயந்திரம் என்றால் எண்ணெய் குளிக்க வேண்டும் என்று நம்மவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். நான் செய்தது இதுதான்: துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு காற்றடித்துத் தூசியை வெளியேற்றுவேன், ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் உள்ளே விட்டுப் பல தடவை திறந்து மூடுவேன், நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு மறுபடியும் இயக்கி, வெளியே வந்த மிச்சத்தைத் துடைத்துவிடுவேன்.

தூசியைவிடப் பொல்லாதது பேக்கிங் டேப்பின் பசை. பெட்டியின் மேலே ஒட்டிய டேப்பை அறுக்கும்போது அலகின் இரு பக்கமும் மங்கலான ஒரு படலம் ஏறும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். மடக்குக் கத்தியில் அது அலகோடு நின்றுவிடுகிறது. ஓடிஎஃப்பில் அலகு உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பசையைக் கொண்டுபோய் உள்சுவரில் தடவிவிட்டு வருகிறது. டேப் அறுத்தால் மூடுவதற்கு முன் அலகைத் துடைக்க வேண்டும் என்பதை மாமாவின் கிடங்கில் விதியாகவே வைத்திருந்தார்கள்; மேசையோரத்தில் ஆல்கஹால் நனைத்த துணி ஒன்று எப்போதும் கிடந்தது. மாம்பழம், எலுமிச்சை போன்றவற்றை இதால் நறுக்கவே கூடாது. சாறு உள்ளே போனால் கழுவி எடுக்க வழியில்லை, சில தயாரிப்பாளர்கள் பிடியைக் கழற்றினால் உத்தரவாதம் போய்விடும் என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

அலகின் எஃகைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்த் தொழிலை விட்டு என்னால் பேச முடியாது. விலை குறைந்த ஓடிஎஃப் கத்திகள் பலவற்றில் டி2 எஃகு வருகிறது. அதில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் சுமார் 12 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் அந்தக் குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கடினத் துகள்களாகிவிடுவதால், துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. வறண்ட ஊரில் கடிதம் பிரிப்பவருக்கு அது போதும். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுப் பதப்படுத்தி வரும் தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் தொழிற்கூடங்களில்), தொட்டதெல்லாம் உப்பு. அந்தக் கையோடு பிடித்த டி2 அலகில் மறுநாளே பழுப்புப் புள்ளிகளைப் பார்க்கலாம். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் வேறு விதமான சோதனை வைக்கிறது. அந்தத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால், பட்ட இடம் நீலம் கலந்த கறுப்பாக மாறிவிடும். பட்டறையில் ஈரத் தோலின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன ஆணியின் வடிவம் தலையும் காம்புமாக அப்படியே தோலில் பதிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. துருப்பிடிக்காத எஃகில் இந்த ஆபத்து மிகக் குறைவு.

ஆகவே ஈரம், உப்பு, வியர்வை இவற்றோடு பழகுகிறவர்கள் 154சிஎம் எஃகுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் குரோமியம் 14 சதவீதம், மாலிப்டினம் 4 சதவீதம். எம்390 எஃகில் குரோமியம் சுமார் 20 சதவீதம் வரை போகிறது, கூரும் நெடுநாள் நிற்கிறது, ஆனால் மழுங்கிய பின் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்டுவது சிரமம், வைரத் துகள் பதித்த கல் வேண்டும். உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-இல் வெளிவந்த மேக்னாகட் எஃகு, துருவைத் தாங்குவதையும் எளிதில் உடையாத தன்மையையும் ஒன்றாகக் கொண்டிருப்பதால், விலை கட்டுப்படியானால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். தீட்டும்போது கல்லின் துகள் துளைக்குள் விழாதபடி அலகின் முனையைச் சற்றுக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும்; மூடுவதற்கு முன் துடைக்கவும் வேண்டும்.

அலகின் வடிவில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. இருபுறமும் கூருள்ள குத்துவாள் வடிவம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும்; வேலைக்கு ஆகாது. தோலையோ அட்டையையோ அழுத்தி அறுக்கும்போது அலகின் முதுகில் விரலை வைக்க வேண்டியிருக்கிறது, அந்த முதுகும் கூராக இருந்தால் எங்கே வைப்பது? பார்ப்பவர் மனத்திலும் அந்த வடிவம் கருவி என்ற எண்ணத்தைத் தராது. ஒரு புறம் மட்டும் கூர், மூன்று அங்குலத்தை ஒட்டிய நீளம், பல் வெட்டு இல்லாத விளிம்பு, இவை போதும். பிடி பெரும்பாலும் 6061 ரக அலுமினியத்தில் வரும். துத்தநாகக் கலப்புப் பிடிகள் கனமாகவும் நயமற்றும் இருப்பதோடு, உள்ளே அலகு ஓடும் தடமும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.

விசையின் கடினத்தைக் கடையில் நின்றே சோதிக்க வேண்டும், படம் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வில்லை முறுக்கேற்றும் வேலை முழுவதும் கட்டைவிரலில் விழுவதால் சில கத்திகளில் அது இளைஞர்களுக்கே கடினமாக இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய மாமாவுக்குக் கட்டைவிரல் மூட்டில் வலி உண்டு. அவர் கத்தியைக் கையில் வாங்கி நிறுத்தாமல் பத்துப் பதினைந்து முறை திறந்து மூடிப் பார்ப்பார், முதல் முறையில் இதமாக இருந்தது கடைசி முறையில் வலித்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். கையை லேசாக நனைத்துக்கொண்டும் தள்ளிப் பாருங்கள், ஈரத்தில் வழுக்கும் விசை வேலையில் உதவாது. மறுபக்கம், தொட்டால் நகரும் அளவுக்கு இளகிய விசையும் ஆகாது; பையில் சாவியோடு உரசித் தானாகத் திறந்துவிடக் கூடும்.

புகழ்பெற்ற மைக்ரோடெக் போன்ற பெயர்களில் போலிகள் நிறைய விற்பனையாகின்றன. பாதி விலையில் ‘ஒரிஜினல்’ கிடைக்கிறது என்றால் நம்ப வேண்டாம். தயாரிப்பாளர் தம் விற்பனையாளர் என்று ஒப்புக்கொண்ட கடையில் மட்டும் வாங்குங்கள்.

இனி சட்டம். வாங்கும் ஆசை எழுந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்றாலும், கத்தியின் இயல்பைச் சொன்ன பிறகு சொன்னால் காரணம் விளங்கும் என்பதால் இங்கே வைத்தேன். அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் தானியங்கிக் கத்திகளை மாநிலம் விட்டு மாநிலம் வணிகம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் அந்தந்த மாநிலச் சட்டப்படி மாறும். டெக்சாஸில் 2013 செப்டம்பர் 1 முதல் இவற்றுக்கான தடை நீங்கியது, அதனால்தான் மாமாவின் கிடங்கில் இது சாதாரணக் கருவியாக மேசையில் கிடக்கிறது. பக்கத்து மாநிலத்துக்குக் காரில் போகும்போது அதே கத்தி குற்றப் பொருளாகிவிடலாம் என்பதால், போகும் வழியிலுள்ள ஒவ்வொரு மாநிலத்தின் சட்டத்தையும் பார்த்துவிட்டே எடுத்துச் செல்ல வேண்டும். அந்த 1958 சட்டத்தில் ஒரு விதிவிலக்கு என் கவனத்தை ஈர்த்தது: ஒரு கை மட்டும் உள்ளவர், 3 அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள தானியங்கிக் கத்தியைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கத்தியின் உண்மையான பயன் எது என்பதைச் சட்டம் எழுதியவர்களே உணர்ந்திருக்கிறார்கள். பிரிட்டனில் இதற்கெல்லாம் இடமில்லை. அங்கே 1959 முதல் விற்பனைக்குத் தடை, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இருக்கின்றன. விதிகளின் அட்டவணையில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கூரிய ஆயுதங்கள் என்று ஒரு வகை உண்டு. வீட்டு வேலைக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவை அதில் சேரா. அந்த 9 அங்குலத்தை மட்டும் படித்துவிட்டு, ‘என் கத்தி மூன்று அங்குலம்தானே’ என்று துணிகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தாக்குவதற்கோ தற்காப்புக்கோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட எதையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அந்தச் சட்டம் கொண்டுவருகிறது. குறிப்பிட்ட பகுதிகளுக்கு அரசு தனி அறிவிக்கை வெளியிடவும் அதில் வழியுண்டு. டெல்லியில் 1980-இல் வந்த அப்படிப்பட்ட அறிவிக்கை, 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய பட்டன் கத்திகளையும் வில்விசைக் கத்திகளையும் குறிவைக்கிறது. தோல் வணிகத்துக்காக டெல்லி போகும் எங்கள் தொழில்காரர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர உரிமம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

எழுத்தில் உள்ள சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், வேலூர் புதிய பேருந்து நிலையத்திலோ காட்பாடி ரயில் நிலையத்திலோ சோதனையில் இந்தக் கத்தி வெளிப்பட்டால், அது பெட்டி பிரிக்கும் கருவி என்று காவலருக்கு விளக்கும் நிலைமையை யாரும் தேடிக்கொள்ள வேண்டியதில்லை. பட்டன் கத்தி என்றால் நம் ஊரில் அடிதடிக்கு வைத்திருப்பது என்றுதான் எவரும் நினைப்பார், அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. எனவே இங்கே யாரும் இதை வாங்கவோ எடுத்து வரவோ வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். என் பட்டறையில் பெட்டி பிரிப்பதற்கு அலகை ஒடித்து ஒடித்துப் புதுக் கூர் எடுத்துக்கொள்ளும் 18 மி.மீ. கட்டர் போதுமானதாக இருக்கிறது. அதன் தள்ளுவிசையும் ஒரே கையால் முன்னும் பின்னும் போகும், அலகு பசையேறினால் முனையை ஒடித்துவிடலாம், மாமா கேட்ட இடது கைக் கேள்விக்கு அதுவே பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறது. தோல் சீவுவதற்குத் தனிக் கத்தி மேசையில் இருக்கிறது. வெளியே போகும்போது பூட்டில்லாத சிறிய விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி ஒன்று கைப்பையில் இருக்கும். ஸ்ரீபுரம் கோயிலுக்கோ நீதிமன்றத்துக்கோ மருத்துவமனையில் ஆள் பார்க்கவோ போகும் நாளில் அதையும் வீட்டில் வைத்துவிடுவேன். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்திக்கும் இடமில்லை.

என் அக்காள் மகன் இப்போது டல்லாஸில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். “மாமா, எதை வாங்கட்டும்?” என்று கேட்டபோது, ஒரு புறக் கூர், 154சிஎம் அல்லது மேக்னாகட், கட்டைவிரல் வலிக்காத விசை என்று சொன்னேன், கடைக்குப் போய் நின்று பார்த்து அப்படியே வாங்கினான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். பட்டறையில் இருந்த நாட்களில் அவனும் அந்த 18 மி.மீ. கட்டரைத்தான் எடுத்துக்கொண்டான், டேப்பை அறுத்து முடித்ததும் துடைத்துவிட்டு மூடினான்.